குழந்தைகளோடு மாமல்லபுரம்: எங்களுக்குச் சரிவந்த வழி

பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. பழைய கோயில், சிற்பம் என்று எங்கே கூட்டிப்போனாலும் அரை மணி நேரத்தில் "வீட்டுக்குப் போலாம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மாமல்லபுரத்தில்தான் அது மாறியது.

முதலில் வரிசையை வெயிலுக்கு ஏற்ப வைத்தேன். ஐந்து ரதங்கள் இருக்கும் இடத்தில் மணலும் பாறையும்தான், நிழல் குறைவு. அதனால் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் அங்கே போய்விட்டோம். மதியம் அறையில் தூக்கம். கடற்கரைக் கோயில் மாலையில். இரண்டுக்கும் அன்று முழுக்க ஒரே டிக்கெட். பதினைந்து வயதுக்குள் இருந்தால் இலவசம்.

அப்புறம், பல்லவர் வரலாற்றைச் சொல்லாமல் விலங்குகளைத் தேடச் சொன்னேன். நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் ஒரே கல்லில் செதுக்கிய யானை நிற்கும். அந்த ரதத்தின் பின்புறமும் யானையின் முதுகைப் போலவே வளைந்திருக்கும்; தூங்கானை மாடம் என்பார்கள். "ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு!" என்று பையனே கண்டுபிடித்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தில் தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் தேடி எடுக்க நல்ல நேரம் பிடித்தது. யார் செதுக்கியது, எப்போது என்று அதன்பிறகு அவர்களே கேட்டார்கள். ஏழாம் நூற்றாண்டு, மாமல்லன் என்ற நரசிம்மவர்மன் எல்லாம் அப்போதுதான் சொன்னேன்.

தண்ணீர், தொப்பி, கொஞ்சம் முறுக்கு கையில் இருக்கட்டும். அருங்காட்சியகத்தை அன்றைக்கு விட்டுவிடலாம்.