ஸ்பூல் போட்ட கேமரோவும் 10.99 விதியும்: பின் அச்சைச் சோதிக்கும் முறை

ஸ்டாக் வகுப்பு (கம்பெனி வடிவத்திலேயே உள்ள கார்களுக்கானது) டிராக் ரேஸுக்கு, அதாவது நேர்க்கோட்டு வேகப் பந்தயத்துக்கு, கார் தயார் செய்கிறவர்கள் எஞ்சினைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். பின் அச்சு என்றால் "கியர் விகிதம் என்ன, 4.56ஆ?" அதோடு சரி. பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனை வரிசையிலிருந்து என் 1969 செவர்லே கேமரோவைத் திருப்பி அனுப்பும் வரை நானும் அந்தக் கட்சிதான்.

முதலில் என்.எச்.ஆர்.ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதிப்புத்தகத்தை எடுங்கள். உங்கள் வகுப்புக்கான பக்கத்தோடு நிறுத்தாமல் பொது விதிகளையும் படியுங்கள். நான் சறுக்கியது அங்கேதான். குவார்ட்டர் மைலை 10.99 வினாடியிலோ அதற்குள்ளோ ஓடும் காருக்கு வெளிச்சந்தை ஆக்சிலும் (கார் கம்பெனி போட்டது அல்லாமல் தனியாக வாங்கும், சக்கரத்தைச் சுற்றும் தண்டு), ஆக்சில் கழன்று வராமல் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். என் கார் 12.6 ஓடும், நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லமைப்பு) பூட்டப்பட்ட எந்தக் காருக்கும் இதே கட்டாயம் உண்டு என்பதும் அங்கேயே இருக்கிறது. நானோ பழைய ஆக்சிலை வைத்துக்கொண்டே அந்தக் குளிர்காலத்தில் ஸ்பூல் மாட்டியிருந்தேன். டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக, இரு ஆக்சிலையும் எப்போதும் ஒன்றாகவே சுற்றவைக்கும் கட்டைதான் ஸ்பூல்.

காரணம் புரிந்தபோது கோபம் போய்விட்டது. கேமரோவின் 12-போல்ட் அச்சில் ஆக்சிலை உள்முனையில் பிடித்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப். அதற்கு வெளிப்பக்கம் ஆக்சில் உடைந்தால், உடைந்த துண்டோடு சக்கரமும் ஹவுசிங்கிலிருந்து (அச்சின் வெளிக்கூடு) வெளியே வந்துவிடும். ஸ்பூல் இருந்தால், கிளம்பும்போது எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகமோ அந்த ஆக்சிலே முழு முறுக்கையும் வாங்க வேண்டியிருக்கும். அதுவும் பிடிப்பு அதிகமான, வரியில்லாத 9 அங்குல ஸ்லிக் டயரில்!

உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதா டிஃபரன்ஷியல். ஒரே திசை என்றால் பாசியாகவோ (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) ஸ்பூலாகவோ இருக்கலாம். மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஸ்பூலில், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்பைடர் கியரே இருக்காது. இருந்து, அதில் வெல்டிங் வைத்திருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். காசு மிச்சம் என்று சிலர் செய்வது. எந்த வகுப்பிலும் அனுமதி கிடையாது.

பாசி அச்சில் சி-கிளிப்பைக் கழற்ற, நடுத்தண்டைப் பூட்டும் சின்ன போல்ட்டை எடுத்து, தண்டை உருவி, ஆக்சிலை உள்ளே தள்ளினால் கிளிப் விழும். அந்த போல்ட் பழசானால் உடையும். ஆறுமுனை சாக்கெட் மட்டும் போடுங்கள்.

அப்புறம் பிடிப்பமைப்பு. சி-கிளிப்புக்குப் பதிலாக ஆக்சிலை வெளிமுனையில் பிடிக்கும் சி-கிளிப் எலிமினேட்டர் கிட் மலிவு, வெல்டிங் வேண்டாம். ஆனால் என்னுடையது ஒரே சீசனில் கசிந்து பிரேக் லைனிங்கை நனைத்தது. ஹவுசிங்கின் நுனிகளை வெட்டி, ஆக்சிலை வெளிமுனையிலேயே பிடிக்கும் ஃபோர்டு 9 அங்குல அச்சின் நுனிகளை வெல்டிங் செய்வதுதான் என் தேர்வு. உள்ளே நேர்க்கம்பி வைத்துச் செய்யும் பட்டறையாகப் பாருங்கள், சூட்டில் குழாய் வளையும். ஆக்சில் நீளத்தை வெல்டிங் முடிந்த பிறகு அளந்து ஆர்டர் கொடுங்கள். முழு 9 அங்குல அச்சையே வாங்கலாமே என்பார்கள். உறுதிதான். ஆனால் அதில் பினியன் (எஞ்சின் பக்கத்திலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் சின்னப் பல்சக்கரம்) கீழே இறங்கி உட்காருவதால் உராய்வு கூடி, கொஞ்சம் சக்தி போகும். ஸ்டாக் வகுப்பில் அந்தக் கொஞ்சமும் எனக்குக் கணக்குதான்.

பிற்சேர்க்கை: "பாசி, கம்பெனி ஆக்சில், 11.05 ஓடுகிறேன், பரவாயில்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்றைக்குப் பரவாயில்லை. குளிர்ந்த காலையில் ஒரு 10.98 வந்தால் விதிக்குள் வந்துவிடுவீர்கள்.

இன்னொருவர் பழைய ஆக்சிலுக்கே எலிமினேட்டர் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்றிருந்தார். பாதிதான் முடிந்தது. ஆக்சிலும் மாற வேண்டும்.