சேஃப்டி ரேசரில் ஷேவிங்: போர் தண்ணீர் வீட்டுக்காரர்களுக்கு

சேஃப்டி ரேசர், அதாவது இரண்டு பக்கமும் கூரான ஒற்றை பிளேடை மாட்டி வழிக்கும் ரேசர், பழகுவது பற்றி எதைப் படித்தாலும் கோணம், கோணம், கோணம் என்றுதான் இருக்கும். பிளேடு தோலில் 30 டிகிரியில் படும்படி பிடி, அழுத்தாதே, அவ்வளவுதான். இரண்டும் சரியான புத்திமதிதான். ஆனால் போர் தண்ணீர் வரும் வீட்டில் கோணத்தைக் கரைத்துக் குடித்தாலும் கழுத்து எரியத்தான் செய்யும். அங்கே சிக்கல் நுரையில் இருக்கிறது, நுரையின் சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. எங்கள் சென்னைப் புறநகர் வீட்டில் கீசரைத் திறந்தால் சுண்ணாம்பு பாளம் பாளமாக வரும். அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதனால் கத்தியைவிடத் தண்ணீர் கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும்.

என்ன வாங்குவது

மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழலும் ரேசர் வாங்குங்கள். கைப்பிடியின் அடியைத் திருகினால் தலை இரண்டாகத் திறக்குமே, அந்த பட்டர்ஃபிளை வகை பார்க்க அழகுதான். உப்புத் தண்ணீரில் அதன் உள் இணைப்புகளில் சுண்ணாம்பு படிந்து இறுகிக்கொள்ளும், கழற்றித் தேய்க்கவும் வழியில்லை. எனக்கு அது வேண்டவே வேண்டாம். அடித்தட்டு விளிம்பு சீப்புப் பல் இல்லாமல் நேராக இருக்கட்டும். ஜெர்மனியின் மெர்க்கூர், இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் எல்லாம் நல்ல ரேசர்கள்தான், ஆனால் பழகுவதற்கு அவ்வளவு காசு தேவையில்லை. இந்தியாவிலேயே தயாராகும் பேர்ல், பார்க்கர் போதும்.

ரேசரும் பிளேடும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. கிங் கேம்ப் ஜில்லெட் 1904ல் அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை 1921ல் முடிந்துபோனது. அதன்பின் ஆளாளுக்குத் தயாரிக்க ஆரம்பித்து, இன்று எந்த ஊரில் வாங்கினாலும் அந்த இரண்டு பக்க பிளேடு ஒரே அளவுதான், கனம் 0.1 மில்லிமீட்டர். பிளேடு பதித்த தலையை மொத்தமாகக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரில் இந்தச் சுதந்திரம் கிடையாது. கைப்பிடி யாருடையதோ அவர்களிடமே தலையும் வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு.

பிளேடுக்கு மளிகைக் கடையில் கிடைக்கும் 7 ஓ கிளாக், டோபாஸ் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஜப்பானின் ஃபெதர் பற்றி ஆஹா ஓஹோ என்பார்கள். பெயருக்கேற்ற கூர்மைதான், ஆனால் கை பழகுகிற வரைக்கும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே பிளேடை ஒரு மாதம் ஓட்டுங்கள். பிளேடு, கிரீம், ரேசர் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது குத்துகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிரஷ் சிந்தெடிக் முடியே போதும். பன்றி முடி பிரஷ்ஷை முதலில் ஊறவைக்க வேண்டும், நம் மழைக்காலத்தில் அது காய்வதற்குள் மறுநாள் வந்துவிடும். கிரீம் டியூபில் வருவதாக இருக்கட்டும், கட்டிச் சோப்பைவிட அது உப்புத் தண்ணீரை ஓரளவு தாங்கும். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு படிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம்தான்.

தண்ணீர்

முதலில் ஒரு சோதனை. காலி பாட்டிலில் பாதி அளவுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, சாதாரணக் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கள். ஷாம்பூவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ போடக்கூடாது, அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும். நுரை மேலே எழுந்து நின்றால் தண்ணீர் மென்மையானது, நீங்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். நுரை நிற்காமல் தண்ணீர் கலங்கி வெள்ளையாகத் திப்பி மிதந்தால், உங்கள் ஷேவிங் கிரீமுக்கும் கிண்ணத்துக்குள் அதேதான் நடக்கிறது.

ஷேவிங் கிரீமும் பெரும்பாலும் சோப்புதான். போர் தண்ணீரில் கரைந்து அதைக் கடினமாக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அந்தச் சோப்பைப் பிடித்துக் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றன. பக்கெட் ஓரத்தில் படியும் அழுக்கு வளையம் அதுதான். நீங்கள் போட்ட கிரீமில் ஒரு பகுதி இந்தச் சண்டையிலேயே செத்துப்போகும், மிச்சம்தான் நுரையாகும். பார்வைக்கு முகம் வெள்ளையாகத்தான் இருக்கும். ரேசர் இரண்டு இழுப்பு போவதற்குள் நுரை வற்றி, வெறும் தோலில் உலோகம் உரசும். அப்போது நாம் கோணத்தைக் குறை சொல்வோம், பிளேடைக் குறை சொல்வோம், புது ரேசருக்கு ஆர்டர் போடுவோம்.

கொதிக்கவைத்தால் சரியாகுமா என்றால், பாதிதான். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் கொதியில் சுண்ணாம்பாகப் படிந்து விலகும். சல்ஃபேட், குளோரைடால் வருவது அப்படியே நிற்கும். அதைவிட எளிய வழி இருக்கிறது. நுரை அடிக்க அரை டம்ளர் தண்ணீர் போதும், அந்த அரை டம்ளரை மட்டும் சமையலறை ஆர்.ஓ. குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். கேன் தண்ணீரும் சரி. சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் விசேஷம். முகம் கழுவவும் ரேசரை அலசவும் போர் தண்ணீரே போதும். ஆனால் பிரஷ்ஷை ஆர்.ஓ. தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். குழாயடியில் நனைத்த பிரஷ் தனக்குள் வைத்திருக்கும் தண்ணீரே நுரையைக் கெடுக்கப் போதுமானது. இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை.

நுரை

நனைத்த பிரஷ்ஷை இரண்டு முறை உதறுங்கள். ஸ்டீல் கிண்ணத்தில் மொச்சைக்கொட்டை அளவு கிரீம் வைத்துச் சுற்ற ஆரம்பியுங்கள். முதலில் பசையாக வரும். விரலால் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சுற்றுங்கள், திரும்பவும் தெளித்துச் சுற்றுங்கள். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் பெரிய பெரிய குமிழியாக வரும். காற்று நிறைந்த அந்த நுரை பார்வைக்குத்தான் ஆகும். சரியான பதத்தில் குமிழி கண்ணுக்கே தெரியாது, கெட்டித் தயிரைக் கரண்டியால் அடித்த மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருந்தால் இன்னும் தண்ணீர் கேட்கிறது. புதியவர்கள் கைக்கு எப்போதும் காய்ந்த நுரைதான் வரும், ஆகவே சந்தேகம் வந்தால் இன்னும் இரண்டு சொட்டு.

பிளேடு மாட்டுவது

பிளேடின் குறுகிய ஓரங்களைப் பிடியுங்கள், அந்தப் பக்கம் கூர் கிடையாது. மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் பிளேடு, அதன் மேல் அடித்தட்டு. அடித்தட்டின் மேடான பக்கம் பிளேடைத் தொட வேண்டும். கைப்பிடியைத் திருகியதும் பிளேடு மூடியின் வளைவோடு சேர்ந்து வளைந்திருக்க வேண்டும். நேர் எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் தளர்த்தி மறுபடி மாட்டுங்கள். பலம் காட்டி இறுக்க வேண்டாம். மலிவு ரேசர்களின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது, திருகு உடைந்துவிடும்.

இனி ஷேவ்

குளித்து முடித்த கையோடு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறிய முடிதான் இளகி வெட்டுப்படும்.

நுரை பூசும் முன் தாடியை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று போகும் திசைதான் முடி வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில் அப்படி நம்ப முடியாது, சிலருக்குப் பக்கவாட்டில் போகும், சிலருக்குக் கீழிருந்து மேலே ஏறும். இரண்டு நாள் தாடியோடு கண்ணாடி முன் நின்று ஒரு தடவை பார்த்துவைத்துக்கொண்டால் போதும்.

கோணம் கண்டுபிடிக்க, ரேசர் தலையின் மேற்புறம் கன்னத்தில் படும்படி, கைப்பிடி தரைக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். அங்கிருந்து கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொட்டு 'சர்' என்று சத்தம் வருகிற இடம்தான் உங்கள் கோணம். அளவுகோல் எல்லாம் வேண்டாம், காது போதும். ரேசர் 70 முதல் 100 கிராம் வரை கனக்கும், அந்தக் கனமே வேலையைச் செய்யும். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். கைப்பிடியின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடியாது. ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். மற்றக் கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். குரல்வளை மேட்டில் தோலை ஒரு பக்கமாக நகர்த்தி, சமமான இடத்தில் வழியுங்கள்.

முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே. அலசி, மறுபடி நுரை பூசி, இரண்டாவது சுற்று குறுக்காக. முதல் சில வாரம் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று எல்லோருக்கும் தேவையில்லை. சுருட்டை முடிக்காரர்களுக்கு வெட்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டி கட்டியாக வரும், அவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். நுரை இல்லாத இடத்தில் ரேசர் படக்கூடாது. 'ஒரே ஒரு முடிதானே' என்று காய்ந்த தோலில் ஓர் இழுப்பு இழுக்கிறோமே, ரத்தம் வருவது அங்கேதான்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு

வீடியோக்களில் வருபவர் பாதிப்பேர் மழித்த முகம், மேலுதட்டில் சரக்கென்று இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் பாடு அப்படியில்லை. இந்த ரேசரின் தலை அகலமானது, மூடி பிளேடு விளிம்பை மறைக்கும். மீசை ஓரத்தைக் கணக்குப் பார்க்காமல் எடுத்தால் ஒரு பக்கம் குட்டையாகி, அதைச் சரிசெய்ய மறு பக்கம், அப்புறம் மொத்தமும் போய்விடும். மீசைக் கோட்டை முதலில் சின்னக் கத்தரியாலோ ட்ரிம்மராலோ கத்தரித்து எல்லை போட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் நுரையை விரலால் வழித்து மெல்லிசாக்கிக் கோடு தெரியவிட்டு, ரேசரின் மூலையை மட்டும் வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். கிருதாவுக்கும் அதே முறை.

முடித்த பிறகு

குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவி, நனைத்த படிகாரத்தை முகம் முழுக்கத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எங்கே அழுத்தினீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கும், அந்த இடம் மட்டும் சுள்ளென்று எரியும். படிகாரத்தை ஈரத்திலேயே விட்டால் கரைந்து போகும், துடைத்து வையுங்கள்.

ரேசரை அலசி உதறி நிற்கவையுங்கள். பிளேடு விளிம்பைத் துண்டால் துடைக்காதீர்கள், கூரும் போகும் துண்டும் கிழியும். நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு என்று வையுங்கள், முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் அதற்கு முன்பே மாற்றலாம். அப்பா, மகன், தம்பி, யாராக இருந்தாலும் பிளேடைப் பகிர வேண்டாம். சலூனில் 'புது பிளேடு போடுங்கண்ணே' என்று கேட்டு வாங்குகிற நாம் வீட்டிலும் அதைக் கடைப்பிடிக்கலாம். பழைய பிளேடுகளை, மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள். குப்பையில் அப்படியே வீசினால் கிழிபடுவது தூய்மைப் பணியாளரின் கை.

பின்னால் சேர்த்தது

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் மென்மையானதுதானே, பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மென்மையானதுதான், ஆனால் உள்ளே இருக்கும் தூசியையும் பூஞ்சையையும் கழுவிக்கொண்டு வருகிறது. தரை துடையுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

போர் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாகுமா என்று இன்னொருவர். புளிப்பு கொஞ்சம் கூடினாலும் அமிலம் சோப்பையே முறித்துவிடும், இருக்கிற நுரையும் அடங்கிப்போகும். ஆர்.ஓ. குழாய் பத்தடி தூரத்தில் இருக்கும்போது ஏன் இந்த வம்பு.

விமானத்தில் போகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்காதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள். பிளேடு கழற்றிய ரேசரை எடுத்துக்கொண்டு, போகிற ஊரில் ஒரு பாக்கெட் பிளேடு வாங்கிக்கொள்ளலாம். செக்-இன் பெட்டி இருந்தால் பிளேடும் அதிலேயே போகட்டும்.