கிராணியின் வெள்ளைக் கோட்டு: 1930களின் தோட்டக் கதைக்கு உடை தைக்கும் முறை

வரலாற்றுப் படத்துக்கான உடை என்றதும் பட்டும் சரிகையும் கிரீடமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் குறும்படம் எடுக்கும் நம் இளைஞர்கள் என்னிடம் கேட்டு வருவது பெரும்பாலும் தோட்டத்துக் கதைகளுக்கான உடைகளைத்தான். பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பெண்ணின் சேலை, கங்காணியின் தலைப்பாகை, தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் கோட்டு என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1936ஆம் ஆண்டு, அதாவது மலாயாவுக்கான தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்த 1938க்குச் சற்று முன்பு, கெடாவின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி அணிந்திருக்கக்கூடிய கழுத்து மூடிய வெள்ளை ட்ரில் கோட்டு அது. ‘மூடிய’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லைக் கொண்டு அதைத் ‘துத்துப்’ கோட்டு என்றும் சொல்வார்கள். இயந்திரத்தில் நேர்த்தையல் போடவும் கையால் காஜா எடுக்கவும் தெரிந்த எவரும் இதைத் தைத்துவிடலாம்.

ஊசியில் நூல் கோப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த உடையை யார் துவைத்தார்கள்? பால்மரம் வெட்டியவரின் துணி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக் குழாயடியில் அவர் வீட்டாராலேயே அலசப்பட்டது. கிராணியின் கோட்டோ சலவைத் தொழிலாளியிடம் போய், கல்லில் அடிபட்டு, நீலம் போடப்பட்டு, கஞ்சியில் முக்கப்பட்டு, கரிப்பெட்டியால் தேய்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. எந்தத் தையலைப் போடுவது, எந்தப் பொத்தானை வைப்பது, அழுக்கை எங்கே ஏற்றுவது என்ற முடிவுகள் எல்லாம் இந்த ஒரு விடையிலிருந்தே பிறக்கும்.

முதல் படி: படங்களைப் பார்த்தல்

கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், அதைவிட எளிதாக உங்கள் உறவினர் வீட்டுப் பழைய ஆல்பங்களிலும் அக்காலப் புகைப்படங்கள் கிடைக்கும். அவற்றை நம்புவதற்கு முன் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஸ்டூடியோவில் எடுத்த படத்தில் மக்கள் இருப்பதிலேயே நல்ல உடையை, சில வேளைகளில் இரவல் உடையைக்கூட அணிந்திருப்பார்கள். வேலைநாளின் உடையை அந்தப் படத்தில் தேடக்கூடாது. அடுத்தது நிறம். அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட சில வகைப் படச்சுருள்கள் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை ஏறக்குறைய வெள்ளையாகவும் காட்டியவை. ஆகவே படத்தில் வெளிறித் தெரியும் சேலையை வெள்ளைச் சேலை என்று முடிவு செய்துவிடாதீர்கள். கோட்டின் அமைப்பை அறியத் தோட்ட அலுவலகத்தின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட குழுப் படங்களே சிறந்தவை. கழுத்துப் பட்டையின் உயரம், பொத்தான்களின் எண்ணிக்கை, பைகளின் இடம் ஆகிய மூன்றையும் அவற்றிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: துணி

ட்ரில் என்பது சாய்வரி நெசவு கொண்ட கெட்டியான பருத்தித் துணி. பினாங்கில் லெபோ பாசார் சுற்றுவட்டாரத்திலும், கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் தேடிப் பார்க்கலாம். கடைக்காரர் ‘காட்டன்’ என்று சொல்வதை அப்படியே ஏற்காமல் ஒரு நூலிழையைக் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் மணம் வந்து மென்மையான சாம்பலாக உதிர்ந்தால் அது பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுத்த மணிபோல் இறுகினால் அதில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பாலியெஸ்டர் துணி சந்தைக்கு வந்தது 1950களில்தான் என்பது ஒருபுறமிருக்க, அது பருத்தியைப்போல் கசங்காது, கஞ்சியை ஏற்காது, நாம் பின்னால் போடப்போகும் தேயிலைச் சாயத்தையும் பிடிக்காது. நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவருக்கு 112 செ.மீ. அகலத் துணியில் 3 மீட்டர் தேவைப்படும். ஆனால் எப்போதும் இரண்டு கோட்டுகளுக்கான துணியை ஒரே சுருளிலிருந்து வாங்கிவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கிய துணியை உடனே வெட்டக்கூடாது. 50 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கத்தரித்து வெந்நீரில் துவைத்து, காய்ந்தபின் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 48 செ.மீ. ஆகிவிட்டால் துணி 4 விழுக்காடு சுருங்குகிறது என்று பொருள். நான் முதன்முதலில் தைத்த கோட்டில் இந்தப் படியைத் தாண்டிப் போனேன். படப்பிடிப்புக்கு முந்தின இரவு அதை அலசிக் காயப்போட்டேன். காலையில் நடிகர் அணிந்தபோது கை நுனி மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. இயக்குநர் அந்த நாள் முழுவதும் அவரைக் கையைக் கட்டிக்கொண்டே நிற்க வைத்துப் படமெடுத்தார். முழுத் துணியையும் இரண்டு முறை வெந்நீரில் துவைத்த பிறகே மேசையில் விரியுங்கள். துவைக்கும் தூளில், துணியைக் கூடுதல் வெண்மையாகக் காட்டும் பளிச்சூட்டிகள் இல்லாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. அவை சலவைத்தூளில் பரவலாகக் கலக்கப்பட்டது இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பிறகுதான். சில விளக்குகளின் ஒளியில் அவை துணியை நீலமாக ஒளிரச் செய்யும்.

மூன்றாம் படி: அளவும் காடாத் துணி மாதிரியும்

மார்புச் சுற்றளவுடன் 10 முதல் 12 செ.மீ. வரை தளர்வு சேர்த்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டை 4 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். மூடிய பிறகு உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவு இடம் இருக்க வேண்டும். இக்காலக் கோட்டுகளைவிட அக்குள் வெட்டு மேலே ஏறியிருந்தால், கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே எழும்பாது. சைக்கிள் ஓட்டும் காட்சியோ குடை பிடிக்கும் காட்சியோ இருந்தால் இது மிகவும் உதவும். மலிவான காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து, நடிகரை அதை அணிந்தபடி உட்காரவும் எழுதவும் சைக்கிள் பிடியைப் பற்றுவதுபோல் குனியவும் சொல்லிப் பார்த்து, திருத்தங்களை அந்த மாதிரியின் மேலேயே பேனாவால் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: தைத்தல்

கல்லில் அடிபடப்போகும் உடைக்கு உள்ளே விளிம்பு பிரிந்து தொங்கும் தையல் ஒத்துவராது. அதனால் தோள், பக்கவாட்டு, கைத் தையல்கள் எல்லாவற்றையும் இரட்டை மடிப்புத் தையலாகப் போடுங்கள். இரண்டு துண்டுகளையும் இணைத்து ஒரு தையல் போட்டபின், ஒரு பக்க விளிம்பைப் பாதியாகக் கத்தரித்து, மற்ற விளிம்பை அதன்மேல் மடித்து மூடி, இரண்டாவது தையலால் பதிக்க வேண்டும். உள்ளும் புறமும் எங்கும் பிசிறு தெரியாது. துணி விளிம்பை நூலால் சுற்றித் தைத்துப் பிசிறை அடக்கும் ஓவர்லாக் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் சிறிய ஊர்த் தையற்கடையில் இருந்தது மிதி இயந்திரம்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும் காட்சியில் கேமரா உட்புறத்தையும் பார்த்துவிடும்.

நூலும் பருத்தியாகவே இருக்க வேண்டும். இதைப் பலரும் அற்பமென்று விட்டுவிடுகிறார்கள். பாலியெஸ்டர் நூலில் தேயிலைச் சாயம் ஏறாததால், துணி பழுப்பேறியபின் தையல் வரி மட்டும் புத்தம்புது வெள்ளையாகப் பல்லிளிக்கும். கழுத்துப் பட்டைக்குள் சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸை வைக்காதீர்கள். வியர்வையிலும் சலவையிலும் அது கொப்பளம்போல் எழும்பும். பருத்திக் கேன்வாஸைக் கையால் தைத்துப் பொருத்துங்கள். கோட்டுக்கு லைனிங் வேண்டாம். அந்தக் காலத்திலும் இங்கே வெயில் இதே வெயில்தான்.

ஐந்தாம் படி: கழற்றக்கூடிய பொத்தான்கள்

எனக்கு இந்தக் கோட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இத்தகைய வெள்ளைக் கோட்டுகளில் பொத்தான்களைத் தைத்துவிடாமல், சலவைக்குப் போடுமுன் கழற்றி எடுக்கும்படி அமைத்திருந்தார்கள். தைத்து வைத்த பொத்தான் சலவைக் கல்லின் அடியில் உடைந்துபோகும் என்பதே காரணம். பினாங்கில் ‘சலவைத்துறை’ என்ற பொருளில் டோபி காட் என்றே ஓர் இடம் உண்டு. அங்கே கல்லில் துணி ஓங்கி விழும் ஓசையை மனத்துக்குள் கேட்டுப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

செய்முறை இதுதான். ஆண்களின் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும். எனவே இடது முன்பாகத்தில் ஐந்து காஜாக்களையும், அவற்றுக்கு நேராக வலது முன்பாகத்தில் ஐந்து சிறு வட்டத் துளைகளையும் எடுங்கள். துளையைக் குத்தூசியால் இழைகளை விலக்கித் திறந்து, சுற்றிலும் நெருக்கமாகக் கைத்தையல் போட்டால் பிரியாது. பின்புறம் காது உள்ள பித்தளைப் பொத்தானை வாங்கி, அந்தக் காதைத் துளை வழியே உள்ளே செலுத்தி, பின்னால் ஒரு சிறு வளையத்தை மாட்டுங்கள். சாவிக்கொத்து வளையத்தின் குட்டி வடிவம் போன்ற அது பொத்தானை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். வளையம் நடிகரின் நெஞ்சில் உராயாதிருக்க, உட்புறத்தில் 7 செ.மீ. அகலத்துக்கு ஒரு துணிப்பட்டை தேவை. பொத்தான் புதிதாக மின்னினால் நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: வெள்ளையைக் குறைத்தல்

தூய வெள்ளை கேமராவுக்கு ஆகாது. நம்மவர் முகத்துக்கு ஏற்ப ஒளியை வைத்தால் கோட்டு படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகிப்போய், நாம் பாடுபட்டுப் போட்ட தையல் வரிகள் எல்லாம் மறைந்துவிடும். 10 லிட்டர் வெந்நீரில் 30 கிராம் தேயிலைத் தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, நனைத்துப் பிழிந்த கோட்டை அதில் இட்டு, திட்டுத்திட்டாகாமல் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் சோதியுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும். நன்றாக அலசிய பிறகு, ஒரு துணிமுடிச்சில் கட்டிக் கரைத்த சலவை நீலத்தைக் கடைசி நீரில் சேர்த்தால், பழுப்பும் நீலமும் ஒன்றையொன்று அடக்கி, பலமுறை வெளுத்த துணிக்கே உரிய சாம்பல் சாயல் கிடைக்கும்.

ஏழாம் படி: பழையதாக்குதல்

தொடக்கநிலையினர் உற்சாகம் மிகுந்து கெடுத்துவிடும் இடம் இது. கோட்டு முழுவதும் செம்மண்ணைப் பூசிவிடுவார்கள். வாரந்தோறும் சலவைக்குப் போன உடையில் மண் தங்காது, தங்குவது தேய்மானம். முழங்கை, பையின் வாய், கழுத்துப் பட்டையின் மேல் மடிப்பு, கை நுனி ஆகிய இடங்களில் 120 எண் உப்புத்தாளால் இழை மெலியும் வரை தேயுங்கள். கழுத்தின் உட்புறத்தில் மட்டும் அடர்ந்த தேயிலைச் சாற்றைத் தூரிகையால் தொட்டு வியர்வைக் கறை ஏற்றலாம். எழுதும் கை எதுவோ அந்தக் கை நுனியில் முழுதும் வெளுக்காத மைக்கறை ஒன்று போதும். காட்சிக்குப் புழுதி வேண்டுமென்றால் முல்தானி மட்டியைச் சிறு துணிப்பையில் கட்டித் தட்டுங்கள். தட்டும்போது நீங்களும் உதவியாளரும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும்.

கஞ்சியைப் படப்பிடிப்புக்கு முந்தின நாள்தான் போட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கஞ்சி போட்ட துணியை அலமாரியில் ஒரு வாரம் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கரப்பான் பூச்சியும் தேடி வரும்.

படப்பிடிப்பு நாளில்

மழையில் நனையும் காட்சி ஒன்று இருந்தாலே இரண்டாவது கோட்டு தேவையாகிவிடும். முதல் முயற்சியில் நனைந்தது காய்வதற்குள் வெளிச்சம் போய்விடும். இரண்டையும் சேர்த்தே சாயமேற்றி, சேர்த்தே தேய்த்து, உள்பட்டையில் 1, 2 என்று எண் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன், பின், கை நுனி ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் கோட்டைத் துவைக்கக் கொடுக்குமுன் பத்துப் பொத்தான்களையும் பத்து வளையங்களையும் கழற்றி எண்ணி, மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒரு வளையம் குறைந்தால், நடிகரைப் போகவிடாமல் முதலில் அவருடைய சட்டைப் பையைப் பாருங்கள்.