சிறுவர் ஸ்னோமொபைல்: கார்புரேட்டரை வீட்டிலேயே டியூன் செய்வது எப்படி?

சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அடைப்பு) போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளின் ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் வண்டி) அதிகம் வரும் தொல்லை இதுதான். 120 சிசி சிறுவர் வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தான் இருக்கும். அதன் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதுவரை ஸ்பேனர் பிடிக்காதவர்கள்கூட ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளுக்குத் தேவைப்படுவது டியூனிங் அல்ல, சுத்தம். என் மகளின் வண்டியில் இரண்டு நாள் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் ஸ்லோ ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும், சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) முழுக்க அடைத்திருந்தது. அடைத்த ஜெட்டை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது.

தொடங்கும் முன்

இன்ஜினை வெளியே, திறந்த இடத்தில் மட்டும் ஓட்டுங்கள். கராஜுக்குள் புகை தேங்கினால் உயிருக்கே ஆபத்து. வண்டியின் பின்பக்கத்தை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். டிராக் (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) தரையில் படக்கூடாது, அதன் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. கையுறை போடுங்கள். கடுங்குளிரில் பெட்ரோல் உறையாமல் திரவமாகவே இருக்கும். தோலில் பட்டு ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொண்டு விரலை உறையவைத்துவிடும்.

படி 1: கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்

பெட்ரோல் குழாயை மூடுங்கள். கவர்னரிலிருந்து (இன்ஜின் வேகத்தை எல்லைக்குள் வைக்கும் பாகம்) வரும் கம்பியும் ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். துளை மாறினால் வேகக் கட்டுப்பாடே மாறிவிடும்.

கார்புரேட்டரின் கீழே உள்ள பெட்ரோல் கிண்ணத்தைக் கழற்றி ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாக உருண்டு ஓடினால் அது தண்ணீர். இரவில் அது உறைந்து ஜெட்டின் வாயை அடைக்கும். இன்ஜின் சூட்டில் உருகி, வண்டி தானாகச் சரியானதுபோல் தோன்றும். காலையில் முரண்டு பிடித்து மதியம் நன்றாக ஓடும் வண்டி என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கிண்ணத்தின் சுவரில் பழுப்பாகப் பிசின்போல ஒட்டியிருந்தால், போன சீசன் பெட்ரோல் அப்படியே கிடந்து காய்ந்திருக்கிறது.

மெயின் ஜெட் (வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடுவது), ஸ்லோ ஜெட் இரண்டையும் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஓரம் பிசிறில்லாத வட்டமாக ஒளி தெரிய வேண்டும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதனால் நிதானமாகப் பாருங்கள். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய நைலான் இழையை நுழைத்து எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளை கீறி துளை பெரிதாகிவிடும்.

எல்லாவற்றையும் பூட்டி, புது பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டதா? அப்படியென்றால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

படி 2: ஐட்லிங்

ஐட்லிங் என்றால் த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசை) அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகம். ஐந்து பத்து நிமிடம் இன்ஜினைச் சூடாக்குங்கள். காற்றுப்பெட்டி (உள்ளே போகும் காற்று வரும் பெட்டி) அதன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும்; அதைக் கழற்றிவிட்டு டியூன் செய்தால் மாட்டியதும் எல்லாம் மாறிப்போகும். ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி, வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். டிராக் அசையக்கூடாது. அசைந்தால் ஐட்லிங் அதிகம். பிள்ளை த்ராட்டிலை விட்ட பிறகும் வண்டி நகரும், இதில் சமரசமே கூடாது.

படி 3: கலவை ஸ்க்ரூ

பலரும் குழம்பும் இடம் இது. ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். காற்றுப்பெட்டி பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால்தான் பெட்ரோல் கூடும். உங்களுடையது எது என்று பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். சிலவற்றில் அதிகம் திருக முடியாதபடி ஒரு மூடி இருக்கும். அது விடும் எல்லைக்குள்ளேயே வேலை செய்யுங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு, உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் அதன் ஊசிமுனை கெட்டுவிடும். பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு வெளியே எடுங்கள்; ஒன்றரைச் சுற்று என்பது பல கார்புரேட்டர்களுக்குப் பொதுவான தொடக்கம்.

இப்போது ஸ்டார்ட் செய்து கால் சுற்றாகத் திருகுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து விநாடியாவது காது கொடுத்துக் கேளுங்கள். வேகம் ஏறி ஏறி ஓர் இடத்தில் நிற்கும், அதைத் தாண்டினால் தடுமாறும். வேகம் உச்சத்தில் இருந்த இடத்தில் விட்டுவிட்டு, ஐட்லிங்கை மறுபடி சரிசெய்யுங்கள். அப்புறம் த்ராட்டிலைச் சட்டென்று அழுத்துங்கள். இருமி மூச்சுத் திணறினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை; எட்டில் ஒரு சுற்று கூட்டுங்கள்.

படி 4: மெயின் ஜெட், தேவைப்பட்டால் மட்டும்

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. மைனஸ் 20 டிகிரியில் காற்று, பிளஸ் 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 16 சதவீதம் அடர்த்தி கூடியது. அவ்வளவு காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் வேண்டும். உயரமான மலைப்பகுதியில் இது தலைகீழ்: காற்று மெலிந்துவிடுவதால் சிறிய ஜெட் தேவைப்படலாம். அதனால்தான் வண்டி எந்தக் குளிரில், எந்த உயரத்தில் ஓடுமோ அங்கேயே டியூன் செய்யச் சொல்கிறேன்.

முழு த்ராட்டிலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் கில் ஸ்விட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் விசை) கயிற்றை இழுத்து நிறுத்துங்கள். சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி டீத்தூள் கலந்த பால் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடேறிக் கெட்டுப்போகும். அப்போது அதே தயாரிப்பில் ஒரு எண் பெரிய ஜெட் போடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள்.

கவர்னரை மட்டும் தொடாதீர்கள். "இன்னும் வேகமா போகணும்" என்று பிள்ளை கெஞ்சும். அந்த வேக எல்லை அந்த வயதுக்காக வைத்தது.

முடிந்ததும் ஒரு டேப்பில் சுற்று எண்ணிக்கை, ஜெட் எண், அன்றைய வெப்பநிலை மூன்றையும் எழுதி பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். சீசன் முடியும்போது பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுங்கள்.