முதல் முறையாக ரேஸ் பார்க்கப் போகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஓசூரில் தயாராகும் அப்பாச்சி நம் பக்கம் தெருவுக்கு ஒன்று நிற்கிறது. அதே அப்பாச்சியில் பந்தயம் நடக்கிறது, நான்கு மணி நேரப் பயணத்தில் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம் என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. ரேஸ் என்றாலே ஃபார்முலா ஒன், அது எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கம். ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே போய் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அலையாதீர்கள். ஒரே ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே நில்லுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

1. எந்த டிராக்?

தமிழ்நாட்டில் உள்ள நிரந்தர டிராக்குகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. நீளம் 3.7 கிலோமீட்டர், வளைவுகள் 12. இது வருவதற்கு முன் சென்னைப் பந்தயங்கள் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்தன. இன்றும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் ரேஸ் என்றால் சோழவரம் என்பார்கள்.

இன்னொன்று கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்துக் கொடுத்து ஒரு தலைமுறை ஓட்டுநர்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரில் அமைந்தது. சுமார் 2 கிலோமீட்டர்தான். சின்ன டிராக் என்பதால் வண்டிகள் சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்பி வரும்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டைதான் வசதி. தர்மபுரியிலிருந்து சேலம் வழியாகக் கோவை போவதும் ஏறக்குறைய அதே தூரம்தான், கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்லலாம். கீழே இருங்காட்டுக்கோட்டையை வைத்தே சொல்கிறேன்.

2. எந்த நாள்?

தேசிய சாம்பியன்ஷிப் ஒரே நாளில் முடிவதில்லை. ஆண்டில் பல சுற்றுகளாக, பெரும்பாலும் வார இறுதிகளில் நடக்கும். தேதியை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் அறிவிப்பிலோ, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வெளியிடும் நாட்காட்டியிலோ பாருங்கள். டிக்கெட், நுழைவு விவரங்கள் சுற்றுக்குச் சுற்று மாறும். அந்தந்தச் சுற்றின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

பைக்கா, காரா என்றால் முதல் முறைக்கு நான் பைக் சுற்றைத்தான் சொல்வேன். ஓட்டுகிறவரின் உடம்பு முழுக்க வெளியே தெரிகிறது. அவர் என்ன செய்கிறார் என்பது புதியவருக்கும் புரியும்.

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போகப் பார்ப்பார்கள். ஒரு நாள்தான் முடியும் என்றால் சனிக்கிழமையைப் பரிசீலியுங்கள். தகுதிச் சுற்று பெரும்பாலும் அன்றுதான் இருக்கும், கூடவே சில பந்தயங்களும் இருக்கும். தகுதிச் சுற்றைப் புரிந்துகொள்வது நமக்குச் சுலபம். எருது விடும் விழாவில் மாடு மாட்டோடு மோதுவதில்லை, குறித்த தூரத்தைக் குறைந்த நொடியில் கடந்த மாட்டுக்குத்தான் பரிசு. தகுதிச் சுற்றும் அப்படித்தான், கடிகாரத்தோடு போட்டி. யார் ஒரு லேப்பை, அதாவது டிராக்கை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவதை, மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் பிறகு பந்தயத்தில் முதல் இடத்திலிருந்து கிளம்புவார். அதற்குப் பெயர் போல் பொசிஷன்.

3. பயணம்

கிருஷ்ணகிரியிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், தர்மபுரியிலிருந்து இன்னும் ஒரு 50. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று ஒரே நெடுஞ்சாலை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் சிப்காட் பகுதியில், டிராக்குக்குத் திரும்பும் இடத்தைத் தவற விடாமல் கவனமாக இருங்கள். பஸ் என்றால் சென்னை வண்டியில் ஏறும்போதே ஸ்ரீபெரும்புதூரில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடிக்கலாம். காலையிலேயே பந்தயங்கள் தொடங்கிவிடும் என்பதால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்.

நண்பர்கள் கூட்டமாக பைக்கில் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. டிராக்கில் ஓட்டுகிறவர் தோல் உடுப்பு போட்டிருக்கிறார், எதிரே வண்டி வராது, விழுந்தால் உருண்டு நிற்க இடம் விட்டிருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. நெடுஞ்சாலையில் இதில் ஒன்றுகூட இல்லை. தொப்பூர் கணவாயைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போகும்போதும் சரி, ரேஸ் பார்த்த சூட்டோடு திரும்பும்போதும் சரி, நிதானமாக ஓட்டுங்கள்.

4. பையில் என்ன?

தண்ணீர் நிறைய. தொப்பி. காதுக்கு இயர் பிளக், மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் இது கட்டாயம், பஞ்சு வைத்துவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் மதியம் சாப்பாட்டுக்காக நல்ல இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம். ஓசூர்க் குளுமையில் பழகியவர்கள் அந்த வெயிலையும் புழுக்கத்தையும் லேசாக நினைக்காதீர்கள்.

5. உள்ளே போனதும்

அன்றைய நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பல பிரிவுகள் ஓடும். ஒரு லேப் ஒன்றரையிலிருந்து இரண்டு நிமிடம், பல பந்தயங்கள் பத்து லேப்புக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரு பந்தயம் என்பது கால் மணி நேர விஷயம். டீ குடிக்கப் போனால் ஒன்று போய்விடும்.

அடுத்து, வண்டிகளில் எழுதியிருக்கும் எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த ஓட்டுநரையே கவனியுங்கள். முன்னணியில் இருப்பவரே வேண்டும் என்பதில்லை, நடுவில் இருக்கும் ஒருவர்கூடப் போதும். எல்லோரையும் பார்த்தால் யாரையும் பார்த்ததாகாது. 'ஒன் மேக்' பந்தயம் இருந்தால் அதைத் தவற விடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால் வித்தியாசம் ஓட்டுகிறவரின் கையில்தான் இருக்கிறது. அப்பாச்சியில் நடப்பதும் இந்த வகைதான். ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் 1982-லிருந்தே பந்தய அணி வைத்திருக்கிறது.

6. வளைவில் நிற்பது

இதுதான் முக்கியம். நேர்கோட்டில் நின்றால் வண்டி 'விர்ர்' என்று போகும், அவ்வளவுதான். நேராகப் போக எல்லோராலும் முடியும். ரேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் பிரேக் பிடிக்கும் இடத்தில். நீண்ட நேர்கோடு முடிந்து கூர்மையாகத் திரும்பும் வளைவு ஒன்றை, பார்வையாளர்களுக்கு அனுமதித்த பகுதிக்குள் தேடிப் பிடியுங்கள்.

முதல் இரண்டு லேப் ஒன்றும் புரியாது. பரவாயில்லை. அப்புறம் இப்படிப் பாருங்கள். வண்டி வருகிறது. ஓட்டுநர் டேங்க்கோடு படுத்திருக்கிறார். சட்டென்று நெஞ்சு நிமிர்கிறது, அங்கேதான் பிரேக். முன் போர்க் அமுங்கி, பின் சக்கரம் லேசாக ஆடுகிறது. என்ஜின் இரண்டு மூன்று முறை உறுமுகிறது, கியர் குறைகிறது. உடம்பு ஒரு பக்கம் சரிந்து, முழங்கால் தரையை உரசுகிறது. தலை மட்டும் நேராக, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இவ்வளவும் மூன்று நான்கு நொடிக்குள்.

இப்போது அந்த நெஞ்சு நிமிரும் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அருகில் ஒரு பலகையோ தரையில் கறுப்புத் தடமோ இருக்கும். உங்கள் எண்காரர் அடுத்த லேப்பிலும் அதே இடத்தில்தான் நிமிர்கிறாரா? அவருக்கு முன்னால் போகிறவர் இரண்டு அடி தள்ளி நிமிர்கிறாரா? அந்த இரண்டு அடிதான் பந்தயம். ஐந்தாவது லேப்பில், முந்தப் போகிறார் என்பது முந்துவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இன்பத்துக்காகத்தான் ஒரே இடத்தில் நிற்கச் சொன்னேன்.

7. கொடிகள்

வளைவுக்கு வளைவு மார்ஷல்கள் நிற்பார்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்கும் தன்னார்வலர்கள் அவர்கள். அவர்கள் கையைப் பார்த்தாலே டிராக்கில் நடப்பது தெரியும். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, யாரும் முந்தக் கூடாது. பச்சை, பாதை சரியாகிவிட்டது. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள், தரை வழுக்குகிறது. சிவப்பு, பந்தயம் நிறுத்தம். கறுப்பு, குறிப்பிட்ட எண்காரர் உள்ளே வர வேண்டும். கறுப்பு வெள்ளைக் கட்டம் எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

வண்டி விழுந்தால் வேலியை நோக்கி ஓடாதீர்கள், வேலியில் ஏறாதீர்கள். பெரும்பாலும் ஓட்டுநர் எழுந்து நடந்து வந்துவிடுவார். ஆனால் உயிர் போன சம்பவங்களும் இந்த விளையாட்டில் உண்டு. விழுந்து கிடப்பவரைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். அவர் வீட்டில் அதை யார் முதலில் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள்.

8. திரும்பும்போது

கடைசிப் பந்தயம் முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். பரிசளிப்பு வரை இருங்கள், நெரிசலும் குறைந்துவிடும். முடிவுப் பட்டியல் வெளியானால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்த லேப்பை எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்பது அதில் இருக்கும், உங்கள் எண்காரர் எங்கே நேரத்தை விட்டார் என்பதை பஸ்ஸில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். சொந்த வண்டியில் வந்தவர்கள் இரவுச் சாப்பாட்டை ஆம்பூரில் வைத்துக்கொள்ளுங்கள்.