எக்செல் டெக்ஸ்ட் பாக்ஸ்: எல்லாரும் செய்கிற தப்புகள்

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மெயின்டனன்ஸ் கணக்கு ஷீட்டை எடுத்துக்கொள்வோம். 302-ஆம் நம்பர் வீட்டுக்காரர் மூன்று மாதமாகப் பணம் கட்டவில்லை. செயலாளர் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு '3 மாத பாக்கி' என்று எழுதி வைக்கிறார். அப்புறம் பொருளாளர் அதே ஃபைலைத் திறந்து, வீட்டு நம்பர்படி இருந்ததைப் பெயர்படி வரிசைப்படுத்துகிறார். வரிசைகள் எல்லாம் இடம் மாறுகின்றன, பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மாதம் தவறாமல் 5-ஆம் தேதியே கட்டிவிடுகிற ஒரு அம்மா பெயருக்குப் பக்கத்தில் இப்போது '3 மாத பாக்கி'. பிடிஎஃப் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போன பிறகுதான் யாரோ கவனிப்பார்கள்.

டெக்ஸ்ட் பாக்ஸில் நடக்கிற தப்புகளில் பல இதே வகைதான். பெட்டி செல்லுக்குள் இல்லை, ஷீட்டுக்கு மேலே தனியாக ஒரு அடுக்கில் கிடக்கிறது. மேசைமேல் போட்ட கண்ணாடியில் சீட்டு ஒட்டின மாதிரி. கீழே இருக்கிற காகிதங்களை மாற்றி அடுக்கினால் சீட்டு கூடவே போகாது. ஒரே செல்லுக்குள் முழுக்க அடங்குகிற சின்னப் பெட்டி வரிசைப்படுத்தும்போது செல்லோடு நகரலாம், ஆனால் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வசதியும் கிடையாது. பெட்டிக்குள் எழுதியதை ஃபார்முலா படிக்காது, ஃபில்டர் கண்டுகொள்ளாது, கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடினாலும் சிக்காது. சிஎஸ்வி-யாக (செல்லில் இருப்பது மட்டும் வெறும் எழுத்தாகச் சேரும் ஃபைல்) சேமித்தால் பெட்டியே காணாமல் போய்விடும்.

அதனால் ஒரு வரிசையையோ ஒரு தொகையையோ பற்றிய குறிப்பு என்றால் பெட்டி வேண்டாம். 'குறிப்பு' என்று தலைப்புப் போட்டு ஒரு காலம் (column) சேருங்கள், அல்லது அந்தச் செல்லிலேயே ரைட் க்ளிக் செய்து நோட் போடுங்கள். "இங்கே தேதியை இப்படி எழுதவும்" என்கிற மாதிரி வழிகாட்டுதலுக்கு டேட்டா வேலிடேஷனில் இன்புட் மெசேஜ் இருக்கிறது. செல்லைத் தொட்டால் மட்டும் எட்டிப்பார்க்கும், 255 எழுத்து வரை எழுதலாம், பெரும்பாலும் அதுவே தாராளம்.

சரி, பெட்டிதான் வேண்டும் என்றால் அடுத்த தப்பு அதன் வெள்ளை நிறத்தில் இருக்கிறது. புதிதாகப் போடுகிற டெக்ஸ்ட் பாக்ஸ் வெள்ளைப் பூச்சோடும் மெல்லிய கோட்டோடும் வரும். அடியில் இருக்கிற செல்களை அது அப்படியே மூடிவிடும், ஆனால் மூடின எண் கூட்டலில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கண்ணால் கூட்டிப் பார்த்தால் ஒரு தொகை, கீழே மொத்தம் வேறு தொகை, ஃபார்முலாவில் ஒரு தப்பும் இருக்காது. இதற்குப் பயந்து 'நோ ஃபில்' கொடுத்தால் அடியில் இருக்கிற எண்ணும் மேலே இருக்கிற எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டையும் படிக்க முடியாது. பெட்டிக்கென்று நாலு வரிசை காலியாக விட்டு அங்கே வையுங்கள். இழுக்கும்போது ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தால் செல் கோட்டோடு ஒட்டி நேராக நிற்கும்.

அடுத்தது அளவு. காலத்தை அகலப்படுத்தினால் பெட்டியும் இழுபடும், வரிசைகளை மறைத்தால் பெட்டி நசுங்கும், ஃபில்டர் போட்டால் காணவே காணோம். எக்செல் தன்பாட்டுக்கு 'மூவ் அண்ட் சைஸ் வித் செல்ஸ்' என்று வைத்திருப்பதால் வருகிற வினை இது. பெட்டியின் ஓரத்தில் ரைட் க்ளிக் செய்து ஃபார்மேட் ஷேப் போய், அளவு பகுதியில் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் மூன்று தேர்வுகள் இருக்கும். செல்லோடு நகரட்டும் ஆனால் அளவு மாற வேண்டாம் என்கிற நடுத் தேர்வுதான் பெரும்பாலான வேலைக்குச் சரி. அதே இடத்தில் 'ப்ரின்ட் ஆப்ஜெக்ட்' டிக்கை எடுத்துவிட்டால் பெட்டி திரையில் மட்டும் தெரியும், தாளில் வராது. உள் குறிப்புகளுக்கு நல்ல வசதி, எடுத்ததை மறந்துவிட்டால் தலைவலி.

நசுங்கின பெட்டிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. வரிசைகளை அழிக்கும்போது பல சமயம் அவை அழியாமல் உயரமே இல்லாத கோடாகச் சுருங்கி அங்கேயே கிடக்கும். மாதாமாதம் பழைய ஷீட்டைக் காப்பி அடித்துப் புது ஷீட் செய்கிற ஆபீஸ்களில் இப்படிக் குவிந்து குவிந்து ஃபைல் நகரவே மாட்டேன் என்னும். ஆல்ட் எஃப்10 அழுத்தினால் செலக்ஷன் பேன் திறந்து எல்லாப் பெட்டியும் பட்டியலாக வரும், வேண்டாததை அங்கேயே அழிக்கலாம். மாறாக, எல்லாப் பெட்டியும் திடீரென்று மறைந்துவிட்டால் பதற வேண்டாம். கை தவறி கன்ட்ரோல் 6 அழுத்தியிருப்பீர்கள், இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.

டெக்ஸ்ட் பாக்ஸை ஒரு செல்லோடு இணைக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மொத்தத்தைப் பெட்டியில் கையால் டைப் செய்து வைப்பார்கள், கணக்கு மாறும், பெட்டியில் போன மாதத் தொகையே நிற்கும். தெரிந்தவர்களும் பெட்டிக்குள் கர்சரை வைத்துச் சமக்குறி போடுவார்கள், அது வெறும் எழுத்தாகத்தான் விழும். பெட்டியின் ஓரக்கோட்டைக் க்ளிக் செய்யுங்கள், கோடு விட்டுவிட்டு இல்லாமல் முழுக்கோடாகத் தெரிய வேண்டும். பிறகு மேலே ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு, வேண்டிய செல்லைத் தொட்டு என்டர் கொடுங்கள். இணைப்பு ஒரே ஒரு செல்லுக்குத்தான், அங்கே ஃபார்முலா எழுத முடியாது. 'இந்த மாத மொத்தம் ரூ. 1,25,000' என்று வர வேண்டுமானால் அந்த வாக்கியத்தை வேறொரு செல்லில் அமைத்து அதோடு இணைக்க வேண்டும். அப்படி அமைக்கும்போது எண்ணை நேரடியாக ஒட்டினால் கமா எல்லாம் போய் 125000 என்று மொட்டையாக வரும், டெக்ஸ்ட் ஃபங்ஷனில் "#,##0" கொடுத்துச் சேருங்கள். லட்சக் கணக்கில் கமா விழுவதற்கு விண்டோஸில் ரீஜியன் இந்தியா என்று இருக்க வேண்டும்.

இணைத்த பெட்டியில் ஒரு சொல்லை மட்டும் தடிமனாக்க முடியாது, வைத்தால் மொத்தத்துக்கும் ஒரே பாணி. செல் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கால் (மதிப்பைப் பார்த்துத் தானாக நிறம் மாற்றுகிற வசதி) சிவப்பானாலும் பெட்டி சிவக்காது. நிறமும் கூட வர வேண்டுமானால் செல்லைக் காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் லிங்க்டு பிக்சராக ஒட்டுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனிப் பாடு. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்த பெட்டியை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும். வேர்டிலும் பவர்பாயின்டிலும் எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே சேர்த்து அனுப்பலாம், எக்செல்லில் அந்த வசதி இல்லை. எனவே யூனிகோடில் அடியுங்கள், எழுத்துரு நிர்மலா யூஐ ஆக இருக்கட்டும். விண்டோஸ் 8-லிருந்து அது கூடவே வருகிறது. லதா விண்டோஸ் 10-லிருந்து தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழ் அடங்காது, ஒரே சொல்லே வரி முழுக்க ஓடும். திரையில் கச்சிதமாகத் தெரிந்த பெட்டியும் ப்ரின்ட் எடுத்தால் கடைசி வரியை விழுங்கிவிடும், ஏனென்றால் திரைக்கும் பிரின்டருக்கும் எழுத்து அகலம் மயிரிழை மாறும். 'ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்' போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஒரு வரி அளவுக்கு இடம் விடுங்கள், ப்ரின்ட் ப்ரிவ்யூ பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

ஷீட்டின் தலைப்பைப் பெட்டியில் வைக்கிற பழக்கத்தையும் விடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வர வேண்டுமென்று ப்ரின்ட் டைட்டில்ஸ் போட்டால் வரிசைகள்தான் திரும்ப வரும், அதன்மேல் இருக்கிற பெட்டி வராது. முதல் பக்கத்தில் தலைப்பு, மற்றதில் வெறும் இடைவெளி. சார்ட்டுக்கு மேல் எழுதுவதானால் முதலில் சார்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் பெட்டி போடுங்கள், சார்ட்டை எங்கே நகர்த்தினாலும் கூடவே வரும்.

டெவலப்பர் டேப்பில் (tab) ஆக்டிவ்எக்ஸ் வகையில் இன்னொரு டெக்ஸ்ட் பாக்ஸ் இருக்கும், அது மேக்ரோ எழுதிப் படிவம் செய்கிறவர்களுக்கு, சும்மா எழுதுவதற்கு அதைத் தொட வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் நேராக டெக்ஸ்ட் பாக்ஸ் கிடையாது, இன்சர்ட் மெனுவில் டிராயிங் திறந்து அதற்குள் பெட்டி வரைந்து சேமிக்க வேண்டும், செல்லோடு இணைக்கவும் வழியில்லை. எக்செல்லில் இணைத்துச் செய்த ஃபைலை அங்கே ஏற்றுவதாக இருந்தால், பெட்டியில் காட்டுகிற எண்களை முதலிலேயே செல்லுக்கு மாற்றிவிடுங்கள்.