பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள்: ஆறிலிருந்து பத்து வயசுப் பிள்ளைகளுக்குப் பரிசு

பிறந்தநாள், பெருநாள், கிறிஸ்துமஸ், தீபாவளி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். ராம்நாடு அரண்மனைப் பக்கம் ஒரு கடைக்குள் போய் "ஆறு வயசுப் பையனுக்குப் படிப்புக்கு உதவுற மாதிரி ஏதாவது கொடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். ஏ, பி, சி, டி பாடும் பேட்டரி பொம்மைதான் முதலில் மேஜைக்கு வரும். பட்டனை அழுத்தினால் அது பாடும், பிள்ளை கேட்கும். இரண்டு நாள் வீடே அலறும், மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அப்புறம் உப்புக்காற்று பட்டு பேட்டரி வைக்கும் இடத்துக் கம்பியில் பச்சை பூத்து ஒரேயடியாக ஓய்ந்துவிடும். பெட்டி மேல் "கல்வி விளையாட்டு" என்று போட்டிருப்பதற்கு விலை கொடுக்காதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்.

கடையில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதை வைத்து விளையாடும்போது வேலை செய்யப்போவது பொம்மையா, பிள்ளையா? பொம்மையே பாடி, ஓடி, விளக்கெரித்து எல்லாவற்றையும் முடித்துவிடும் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம கரையோரப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும். பாம்பன், மண்டபம் பக்கத்து எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்த மீன் பெயர்கள் பட்டணத்துப் பெரியவர்களுக்கே தெரியாது. அந்த அறிவுக்குக் கைகொடுக்கிற கருவியை வாங்கிக் கொடுத்தால் அது ரொம்ப நாள் நிற்கும்.

உதாரணத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பட்டியலில் முதலில் நான் வைப்பது இதைத்தான். பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டாம், மணலில் ஒரு வாரம் புரண்டால் கீறல் விழுந்து மங்கிவிடும். கண்ணாடி லென்ஸாகக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு கறுப்பு அட்டை. தனுஷ்கோடி மணலில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த அட்டையில் தூவிப் பார்த்தால், ஒரே நிறமாகத் தெரிந்த மணலில் உடைந்த சிப்பித் துண்டும் வெவ்வேறு நிறக் கல்லும் தனித்தனியாகத் தெரியும். அம்மா மீன் ஆயும்போது ஒரு செதிலைக் கழுவி வைத்துப் பார்த்தால் மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாகக் கோடு இருக்கும், மீன் வளர வளர விழுந்த கோடு. ஒரு தட்டில் கடல் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்துவிட்டு, காய்ந்ததும் பார்க்கச் சொல்லுங்கள், குட்டிக் குட்டிக் கனசதுரமாக உப்பு நிற்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு இருக்கிறது என்பதைப் பிறகு சொன்னால் போதும், வாலிநோக்கம் உப்பளத்தில் ஏன் அவ்வளவு அகலமாகப் பாத்தி கட்டியிருக்கிறார்கள் என்ற கேள்வி தானாக வரும். கொடுக்கும்போதே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, வெயிலில் காகிதத்தின் மேல் பிடித்து விளையாடவும் கூடாது.

ஒன்பது, பத்து வயது என்றால் அடுத்த படியாகக் காகித நுண்ணோக்கி ஒன்று இருக்கிறது, ஃபோல்ட்ஸ்கோப் என்று பெயர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவர் குழுவும் உருவாக்கியது, 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அட்டையை மடித்து அதைப் பிள்ளையேதான் செய்ய வேண்டும், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆனால் பெரியவர் ஒருவர் கூட உட்காராவிட்டால் முதல் நாளே வெறுத்துப்போகும்.

அடுத்தது பாலம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் பாலத்தைப் பார்க்காத பிள்ளை நம்ம பக்கம் இருக்காது. கப்பல் வந்தால் நடுத் துண்டு அப்படியே நேராக மேலே போகிறதே, அது எப்படி என்று கேட்காத பிள்ளையும் இருக்காது. 1914-இல் திறந்த பழைய பாலம் இரண்டு கையையும் விரித்துத் தூக்கியது, இது 72 மீட்டருக்கும் மேலான இரும்புத் துண்டை மொத்தமாக 17 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறது. இதற்குக் கடையில் ரெடிமேட் பெட்டி தேட வேண்டாம், நீங்களே ஒரு பெட்டி தயார் செய்யலாம்: ஐஸ்கிரீம் குச்சி ஒரு கட்டு, காலியான நூல்கண்டு நான்கு, கெட்டியான நூல், கொஞ்சம் ஃபெவிக்கால், செருப்புப் பெட்டி அட்டை, ஒரே அளவில் சின்னத் துணிப்பை இரண்டு. 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் கோபுரம் நிறுத்தி, மேலே நூல்கண்டைக் கப்பி மாதிரி சுழல விட்டு, நடுத் துண்டை நூலில் கட்டி, நூலின் மறுமுனையில் துணிப்பையைத் தொங்க விட வேண்டும். முதலில் பை காலியாக இருக்கட்டும், தூக்கக் கனமாக இருக்கும். பிறகு பையில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு பையும் சேர்ந்து நடுத் துண்டின் எடைக்குச் சரியாக வரும்போது ஒரு விரலால் தொட்டால் பாலம் மேலே போகும். எதிர் எடை என்பதை அந்த விரல் புரிந்துகொண்டுவிடும், பாடமாக நடத்த வேண்டியதில்லை. உண்மையான பாலத்திலும் கோபுரத்துக்கு உள்ளே இந்த வேலையைத்தான் எதிர் எடைகள் செய்கின்றன.

இதோடு சேர்த்து சைக்கிள் வால்வ் டியூப் ஒரு முழம் வாங்கி, சின்னத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். மருந்தை நீக்கிய தீக்குச்சிகளை அந்தத் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யலாம். குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்ததற்காகவே நாடு முழுக்கத் தெரிந்த அரவிந்த் குப்தா பரப்பிய வழி இது, அவர் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சதுரம் செய்து அமுக்கினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. ரயில் பாலத்து இரும்புச் சட்டத்தில் ஏன் இத்தனை முக்கோணம் என்று அதன் பிறகு பிள்ளையே வந்து சொல்லும்.

ஒரு திசைகாட்டியும் கோடு போடாத நோட்டும் இன்னொரு நல்ல ஜோடி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ காற்றுக்குப் பெயர் சொல்வார்கள் அல்லவா? எந்தப் பெயர் எந்தத் திசையிலிருந்து வருவது என்று அவர்களிடமே கேட்டு எழுதி, தினமும் கரையில் ஒரு துணிக்கீற்றைப் பிடித்துப் பார்த்து இன்றைக்கு எந்தக் காற்று என்று குறிப்பது பிள்ளையின் வேலை. திசைகாட்டியை என்ஜின் பக்கத்திலோ செல்போன் மேலோ வைத்தால் முள் தப்பாகக் காட்டும், அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பட்டம் கொடுப்பதானால் பருத்தி நூலோடு கொடுங்கள். மாஞ்சா நூல் தடை செய்யப்பட்டது, தடை இல்லாவிட்டாலும் அது கழுத்தை அறுக்கும் சாமான்.

விளையாட்டு என்று வந்தால் பல்லாங்குழியை விட்டுவிடாதீர்கள். 14 குழி, குழிக்கு ஐந்து போட்டால் 70 புளியங்கொட்டை. எங்கிருந்து எடுத்தால் எங்கே முடியும் என்று ஆறு வயசில் கையால் எண்ணும் பிள்ளை, எட்டு வயசில் பார்வையாலேயே கணக்குப் போடும். தோற்றால் அழும், அதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே. மரத்தில் வாங்கினால் விலை கூடும், முட்டை அட்டையை வெட்டிக்கூடச் செய்யலாம். ஆடுபுலி ஆட்டம் எட்டு வயசுக்கு மேலே சரியாக இருக்கும். பையனுக்குக் கார், பொண்ணுக்குச் சொப்புச் சாமான் என்று பிரித்து வாங்குகிற பழக்கத்தை இனியாவது விடலாம், பாலம் செய்யும் பெட்டியில் ஆண், பெண் என்று எதுவும் எழுதியிருக்காது.

சாயல்குடி, ஏர்வாடிப் பக்கம் பனை ஓலை முடைகிறவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால், சாயம் போட்ட ஓலைக் கீற்று ஒரு கட்டு வாங்கி, கூடவே அவரிடம் ஒரு மத்தியானம் உட்கார வைப்பதையும் பரிசாகக் கொடுங்கள். கிலுகிலுப்பையில் ஆரம்பிக்கலாம். ஒன்றை விட்டு ஒன்று மேலே, கீழே என்று போகிற அந்தக் கணக்கைப் பிள்ளைகள் விரலிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

படம் வரையும் சாமானில் பெரிய பெட்டிக்கு ஆசைப்படாதீர்கள். 64 நிறம் இருக்கும், ஒன்றும் ஒழுங்காகத் தாளில் பிடிக்காது. 12 நிறம் போதும், தாளைக் கெட்டியாக வாங்குங்கள். மெல்லிய தாளில் தண்ணீர் வண்ணம் பட்டால் கிழிந்துவிடும், பிள்ளை தனக்குத்தான் வரைய வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, கலர் பென்சில் எல்லாம் வந்துவிடுகிறது, அதையே திரும்ப வாங்காமல் வண்ணக் கட்டி, தடித்தது ஒன்றும் மெல்லியது ஒன்றுமாக இரண்டு பிரஷ், முனை மழுங்கிய கத்தரிக்கோல் என்று இல்லாததைப் பார்த்து வாங்கலாம்.

புத்தகம் வாங்கும்போது வயசைப் பார்க்காமல் பிள்ளை வாசிக்கும் வேகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அது இன்னும் ஒரு வருஷம் கழித்து. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் தமிழ்ப் புத்தகம் கொடுங்கள், படம் பாதி எழுத்து பாதியாக நேஷனல் புக் டிரஸ்ட் போடுவது விலை குறைவாகவும் இருக்கும். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள், கையில் 200 ரூபாயைக் கொடுத்து அதுவே தேடட்டும். துளிர் மாதிரி சிறுவர் அறிவியல் மாத இதழுக்கு ஒரு வருஷச் சந்தா கட்டிவிட்டால் மாதாமாதம் தன் பெயருக்குத் தபால் வரும், அந்தப் பெருமைக்கே பாதி வாசித்துவிடுவார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் போல வாப்பாவோ மாமாவோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. ஊருக்கு வரும் பெட்டியில் ரிமோட் கார், டேப்லெட் எல்லாம் வந்து குவியும். அவர்களுக்கு ஒரு பெரிய உலக வரைபடமும், விலை குறைந்த சுவர்க்கடிகாரம் ஒன்றும் கொடுத்துப் பாருங்கள். வாப்பா துபாயில் இருந்தால் நம்ம நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி என்றால் இரண்டரை மணி நேரம் பின்னால், மலேசியா, சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரம் முன்னால். அந்தக் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்கு வைத்து, ராத்திரி போன் போடுவதற்கு முன்னால் "வாப்பா இப்ப சாப்பிட்டிருப்பாங்களா" என்று பிள்ளையே கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். வாப்பாவிடமும் சொல்லிவையுங்கள், அடுத்த தடவை பொம்மைக்குப் பதிலாக அந்த ஊர் நாணயமும் பஸ் டிக்கெட்டும் கொண்டுவரச் சொல்லி.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். பள்ளி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. விசைப்படகுக்குப் போகிற வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது, ஆனால் அப்பா வீட்டில் இருப்பார். பிள்ளையின் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு வலை ஊசியும் நைலான் நூலும் கொடுத்து அப்பாவிடம் முடிச்சுப் போடக் கற்கச் சொன்னால் செலவு ஒன்றுமில்லை. வலையின் கண்கள் எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும் என்பதில் அளவும் வடிவமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. முடிவில் பந்து போட்டுவைக்க ஒரு பை கிடைக்கும். எல்லாப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது, எட்டு வயசுக்குக் கீழே வற்புறுத்த வேண்டாம்.

சரி, வாங்கக் கூடாதது எது? ராமேஸ்வரத்துக் கடைகளில் அழகாக இருக்கிறது என்று பவளத் துண்டு, காய்ந்த கடற்குதிரை, கடல் விசிறி எதையும் வாங்காதீர்கள், யாராவது ரகசியமாகக் கொடுத்தாலும் வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவை பாதுகாக்கப்பட்டவை, சில வகைச் சங்கும் சோழியும்கூட அதில் வரும். மன்னார் வளைகுடாவில் 21 தீவைத் தேசியப் பூங்காவாக வைத்துப் பாதுகாக்கும் ஊரிலிருந்துகொண்டு பவளத்தை அலமாரியில் வைப்பது பிள்ளைக்குத் தப்பான பாடம். பார்க்க ஆசை என்றால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள், அதுவும் பரிசுதான்.

திருவிழாக் கடையில் பெயர் ஊர் இல்லாத பிளாஸ்டிக் சாமான் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 14 வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். சின்னப் பட்டன் பேட்டரி திருகாணி இல்லாத மூடிக்குள் இருந்தால் வேண்டாம், குட்டிக் காந்த உருண்டைகளும் வேண்டாம். வீட்டில் மூன்று வயசுக்குக் கீழே ஒரு தம்பியோ தங்கச்சியோ இருந்தால் புளியங்கொட்டையைக்கூட மூடி போட்ட டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

கொடுக்கும்போது பளபளக் காகிதம் சுற்றாமல் ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுங்கள், சாமானைப் போட்டுவைக்க இடமும் ஆயிற்று. கொடுத்துவிட்டு உடனே கிளம்பாமல் ஓர் அரைமணி நேரம் கூட உட்காருங்கள், ஆனால் நீங்களே பாலத்தைக் கட்டி முடித்துவிடாதீர்கள், சித்தப்பாமார்களுக்கு அந்தக் கை அரிப்பு அதிகம். கடையில் வாங்கிய சாமானுக்கு மட்டும் பில்லைப் பத்திரமாக வையுங்கள், அதே பிறந்தநாளுக்கு அத்தையும் பூதக்கண்ணாடி வாங்கி வந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.